ஐந்து விவசாயிகளும் நானேதான்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் மேனேஜர் போன வாரம் வேப்பம்பட்டில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்து, "சுகுணாக்கா, மார்க்கெட்டிங்ல புதுசா நாலு பேர் சேர்ந்திருக்காங்க. உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்றார். கையில் ஒரு கிலோ ஆப்பிள். ஓய்வு பெற்றவர்களைப் பார்க்க வருகிறவர்கள் ஏனோ ஆஸ்பத்திரிக்கு வருவது போல ஆப்பிள்தான் வாங்கி வருகிறார்கள். நானும் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன். ஆகவே எழுதித்தான் தீர வேண்டும்.

எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்ப்பது எப்படி, விளம்பரத்தை எங்கே எப்போது போடுவது, இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் இந்தக் கம்பெனிக்கு டெலிபோன் ஆபரேட்டராகத்தான் வந்தேன். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் வெப்சைட் வேலை என் தலையில் விழுந்தது. அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் விழுந்தது. கடைசியில் ஒரு நாள் டிஜிட்டல் மார்க்கெட்டிங் தலைவர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "இதுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டார். எனக்கும் அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எனவே சாதனைகளை விட்டுவிட்டு, நான் செய்த ஒரு மடத்தனத்தை எழுதுகிறேன். அதைத்தான் உங்களால் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

நாம் செய்வது போர்வெல் மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பெட்டி. அதில் செல்போன் பெட்டி என்று ஒரு வகை உண்டு. வீட்டில் உட்கார்ந்தபடி மிஸ்டு கால் கொடுத்தால் கழனியில் மோட்டார் ஓடும். அதன் பாகங்களைப் பூட்டிச் சேர்க்கிற லைனில் பதினோரு பெண்கள். பெரும்பாலும் ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள். லைனுக்குத் தலைவி கஸ்தூரி. ஸ்க்ரூவை முடுக்கும்போதே அது சரியில்லை என்று கையால் கண்டுபிடித்துவிடுகிற ஆள். வாயும் அதே அளவுக்கு வேலை செய்யும்.

ஒரு நாள் காலை பொதட்டூர்பேட்டையிலிருந்து நம் பெட்டியை விற்கும் கடைக்காரர் போன் செய்தார்.

"மேடம், ஸ்டாக்கைத் திருப்பி எடுத்துக்கோங்க. கடைக்கு வர்றவங்க எல்லாரும் செல்லைக் காட்டிட்டு வேற கம்பெனி பெட்டி கேக்கறாங்க."

"செல்லுல என்னங்க இருக்கு?"

"நம்ம பெட்டி பேரைத் தட்டிப் பாருங்க. நீங்கதானே அதுக்கு ஆபீசரு."

தட்டிப் பார்த்தேன். நாம் பணம் செலவழித்துப் பளபளவென்று செய்து வைத்திருந்த வெப்சைட் நாலாவது இடத்தில் இருந்தது. முதலிடத்தில் விவசாயிகளும் மோட்டார் மெக்கானிக்குகளும் பேசிக்கொள்கிற ஒரு ஃபோரம். அதில் 'ஏரிக்கரை' என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: "இந்தப் பெட்டியை வாங்காதீங்க. மழை பேஞ்சா மோட்டார் நின்னுடுது. பத்து பெட்டி என் கடைக்கு வந்துடுச்சு." அதற்கும் மேலே, இப்போதெல்லாம் தேடுபொறி தானாகவே ஒரு பதில் எழுதிக் காட்டுகிறதே, அங்கே, 'மழைக்காலத்தில் இந்தப் பெட்டி நின்றுவிடுவதாகப் பயனாளர்கள் கூறுகின்றனர்' என்று இருந்தது. எழுதியது ஒரே ஒரு ஆள். இயந்திரம் அவரை ஊராக்கிவிட்டது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாம் எழுதியதை விட்டுவிட்டு முகம் தெரியாத ஒருவர் எழுதியதை எப்படி முதலில் காட்டலாம் என்று சீட்டில் இருந்தபடியே திட்டினேன். பிற்பாடு யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் குணத்தைப் பெண் வீட்டாரிடமா கேட்கிறார்கள்? எதிர்வீட்டில்தானே விசாரிக்கிறார்கள். நம் வெப்சைட் பெண் வீடு, ஃபோரம் எதிர்வீடு. தேடுகிறவர்களுக்கு எதிர்வீட்டுப் பேச்சுதான் வேண்டியிருக்கிறது என்று இயந்திரம் கண்டுகொண்டுவிட்டது. ஆனால் அன்றைக்கு இந்த ஞானமெல்லாம் எனக்கு இல்லை.

முதலாளி மீட்டிங் போட்டார். ஆடிப் பட்டத்துக்குள் ஆர்டர் பழையபடி வராவிட்டால் செல்போன் பெட்டி லைனை மூடிவிடலாம் என்றார். அதில் இருக்கும் பெண்கள் எல்லாரும் கான்ட்ராக்ட். வேறு லைனுக்கு மாற்ற இடம் கிடையாது. மூடினால் பதினோரு பேரும் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

மத்தியானம் கேன்டீனில் கஸ்தூரி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, எங்க லைன் ஓடுமா, ஓடாதா?"

"யார் சொன்னா உனக்கு?"

"சொல்லணுமா? நேத்து எங்க நைனாவாண்ட பக்கத்து ஊட்டுக்காரர் செல்லைக் காட்டிகினு நிக்கறார். உன் பொண்ணு செய்ற பொட்டி இதானே, மழை பேஞ்சா நின்னு போவுமாமேன்னு. எங்க நைனா இன்னா சொல்லுவார்? மூஞ்சி சுருங்கிப் போச்சு."

அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. எதையாவது உடனே செய்ய வேண்டும் என்று தோன்றியது. தம்பி தங்கைகளே, 'எதையாவது உடனே' என்று எப்போது தோன்றுகிறதோ, அப்போது எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நான் குடிக்கவில்லை.

ஒரு ஆள் திட்டி எழுதியிருந்தால் ஐந்து ஆள் பாராட்டி எழுதட்டும் என்று கணக்குப் போட்டேன். ஆபீசில் ஐந்து பேரின் போனை வாங்கி, ஃபோரத்தில் ஐந்து பெயரில் சேர்ந்தேன். ஒருவர் நெல் விவசாயி, ஒருவர் மல்லித் தோட்டக்காரர், ஒருவருக்கு மாந்தோப்பு. ஐந்து பேரும் மூன்று வருஷமாக நம் பெட்டியை வைத்திருப்பதாகவும், அடாத மழையிலும் அது விடாமல் ஓடுவதாகவும் எழுதினேன். வெறும் எழுத்தை நம்பமாட்டார்கள் என்று படமும் தேவைப்பட்டது. டெஸ்பாட்ச் பகுதியிலிருந்து ஐந்து பெட்டிகளை எடுத்துப் போய், காம்பவுண்ட் சுவரில் மாட்டி, பழசாகத் தெரிய வேண்டும் என்று மண்ணை அள்ளி நானே தேய்த்தேன். விளிம்பில் உப்புத்தாள் போட்டுப் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டினேன். அந்த வேலையில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

இங்கே நம் கம்பெனியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் பெட்டி போன நாளிலிருந்து இன்று வரை, பேக்கிங்குக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் லைன் பெண்கள் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்துத்தான் அனுப்புவார்கள். கிண்ணத்தில் சந்தனம் குழைத்துத் தயாராக இருக்கும். தினமும் பார்த்துப் பார்த்து, பெட்டி என்றாலே பொட்டோடுதான் என்று என் கண் பழகிவிட்டது. மண் பூசியபோதும் சாமி பொட்டாயிற்றே என்று கை தானாக அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

படங்களைப் போட்ட மறுநாள் ஏரிக்கரை பதில் எழுதினார்.

"ஐயாமாரே, மூணு வருஷம் வெயில்லயும் மழையிலயும் இருந்த பெட்டில சந்தனம் இன்னும் ஈரமா இருக்குதே. எனக்கு வந்த பெட்டில எல்லாம் ஒரு வாரத்துல உதிர்ந்துடுச்சு. அந்தச் சந்தனம் எந்தக் கடைல வாங்கினீங்கன்னு சொன்னா புண்ணியமாப் போவும்."

அடுத்தவர், மாந்தோப்புக்கும் மல்லித் தோட்டத்துக்கும் ஒரே சுவர் இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்னொருவர் சுவரின் மேல் தெரிந்த புகைபோக்கியை வட்டம் போட்டுக் காட்டி, "நெல்லு வயல்ல இரும்பு உருக்கறாங்க போல" என்றார். அன்றைக்கு ஃபோரத்துக்கே திருவிழா. எங்கெங்கோ இருந்தவர்கள் எல்லாம் வந்து ஆளுக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள். எழுத எழுத அந்தப் பக்கத்துக்கு மவுசு கூடியது. நம் பெட்டிப் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினாலே அது வந்து நின்றது. மேலே தானாக வரும் பதிலில் புதிதாக ஒரு வரியும் சேர்ந்துகொண்டது: 'நிறுவனத்தினரே போலியாகப் பாராட்டி எழுதியதாகவும் கூறப்படுகிறது.'

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். எனக்கு அவமானமாக இருந்தது. லைன் பக்கம் போகவே பயந்தேன். என்னால் பதினோரு பேரின் வேலை போகப் போகிறது.

முதலாளி வக்கீலைப் பிடித்தார். பதிவை நீக்காவிட்டால் வழக்கு என்று ஏரிக்கரைக்கு ஒரு நோட்டீஸ் தயாரானது. சென்னையிலிருந்து ஒரு ஏஜென்சிக்காரர் வந்து, ஐந்து போதாது, ஐந்நூறு பதிவு போட்டு அந்தப் பக்கத்தைக் கீழே தள்ளிவிடலாம் என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வக்கீல், ஏஜென்சி, நான், முதலாளி, இத்தனை பேரில் ஒருவர்கூட அந்த ஆள் சொன்னது உண்மையா என்று பார்க்கவே இல்லை.

"சார், ரெண்டு நாள் குடுங்க" என்றேன்.

"ரெண்டு நாள்ல இன்னும் அஞ்சு விவசாயி வருவாங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். இரண்டு நாள் மட்டும் கிடைத்தது.

ஃபோரத்திலேயே ஏரிக்கரைக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். "அந்த ஐந்து விவசாயிகளும் நானேதான். கம்பெனியில் வேலை செய்கிறேன். உங்களை நேரில் பார்க்க வரலாமா?" பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "அஞ்சு பேரும் வருவீங்களா, ஒருத்தர் வருவீங்களா? டீ சொல்லணும்."

கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு போனேன். ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு. வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. பஸ் ஏரிப் பக்கம் திரும்பியபோது மட்டும், "எங்க பொட்டில தப்பு இருந்தா சொல்லுங்கன்னு கேக்க வேண்டியதுதானேக்கா. அதுக்கு எதுக்கு மண்ணைப் பூசினீங்க?" என்றாள்.

ஏரிக்கரை, பழவேற்காட்டில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற ஒரு பாய். பெயரை எழுதவேண்டாம் என்று அவரே சொன்னதால் இங்கேயும் எழுதவில்லை. டீயும் சமோசாவும் தயாராக இருந்தன. அலமாரிக்குக் கீழே நம் பெட்டிகள் ஆறு, மூடி கழன்ற நிலையில்.

"கம்பெனிக்கு மூணு தபா போன் பண்ணேம்மா" என்றார். "ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு ஒரு பொம்பளை சொல்லிகினே கீது. அப்புறம் பாட்டு போடுது. பாட்டு முடிஞ்சதும் கட் ஆயிடுது. பேஜாராப் போச்சு. அதான் ஃபோரத்துல எழுதினேன். எனக்கு உங்க மேல இன்னா கோவம்?"

அந்தப் பாட்டை ஏற்பாடு செய்தது யார் தெரியுமா? நான்தான். ஆபரேட்டர் சீட்டிலிருந்து எழுந்து மேல் மாடிக்குப் போனபோது, என் இடத்தில் அந்த இயந்திரக் குரலை உட்கார வைத்துவிட்டுப் போனேன். கஸ்தூரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சமோசாவைப் பார்த்தேன்.

பிறகு அவள் ஒரு பெட்டியை மடியில் வைத்து உள்ளே பார்த்தாள். காய்ந்துபோன ஒரு பல்லி கிடந்தது.

"மழைக்கு உள்ள பூந்துக்குது. கான்டாக்ட்ல உழுந்து ஷார்ட் ஆயி நின்னுடுது. தொடைச்சுக் குடுத்தா மறுபடி ஓடும், அடுத்த மழை வரைக்கும்" என்றார் பாய்.

கஸ்தூரி கேபிள் நுழையும் ஓட்டையில் விரலை விட்டாள். "இங்க இருக்க வேண்டிய ரப்பர் எங்க பாய்?"

"இன்னா ரப்பரு?"

"வாரண்டி கார்டு கவர்ல போட்டு அனுப்பறமே, கறுப்பா, வளையம் மாதிரி."

பாய் எழுந்து பின்பக்கம் வீட்டுக்குள் போனார். அவர் வீட்டுக் கிணற்று மோட்டாருக்கும் நம் பெட்டிதானாம். திரும்பி வந்தபோது கையில் நம் கம்பெனியின் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர். பிரிக்கவே இல்லை. பீரோவில், பத்திரங்களுக்கு நடுவே வைத்திருந்தாராம். ஜிப்பைத் திறந்தார். வாரண்டி கார்டு, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு காகிதம், அதற்குள் சுருண்டபடி அந்த ரப்பர் வளையம்.

கஸ்தூரிதான் முதலில் சிரித்தாள். பாய் சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். ஆனால் பாய் எங்களைச் சும்மா விடவில்லை.

"சிரிப்பு இருக்கட்டும்மா. பத்திரமா வைக்கிற மாதிரி குடுத்தீங்க, நாங்களும் பத்திரமா வெச்சோம். இதுல யாரு தப்பு?"

"எங்க தப்புதான் பாய்" என்றாள் கஸ்தூரி. "லைன்லயே மாட்டி அனுப்பியிருக்கணும். ஒரு நிமிஷ வேலை."

புறப்படும்போது நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. "என்னாண்ட எதுக்குக் கேக்கறீங்க? ஏமாத்தினது ஃபோரத்துல. அங்க போயி எழுதுங்க" என்றார். நான் எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். இதைவிட உபயோகமான பாடத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதலாளியிடம் ரப்பர் வளையத்தைக் காட்டினேன். லைனிலேயே மாட்டலாம் என்றதற்கு உடனே தலையாட்டினார். ஃபோரத்தில் உண்மையை எழுதப் போகிறேன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம தப்பை நாமளே ஊருக்குச் சொல்றதா?"

"ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு சார். நாமதான் தெரியாத மாதிரி இருக்கோம்."

அவர் வக்கீல் நோட்டீசை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். கிழிக்கவில்லை. அதுவே போதும் என்று வெளியே வந்து எழுதினேன். "நான் சுகுணா. இந்தப் பெட்டி செய்யும் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். மேலே பாராட்டி எழுதிய ஐந்து விவசாயிகளும் நானேதான். எனக்குக் கழனி கிடையாது. ஏரிக்கரை சொன்னது உண்மை. மழைக்குப் பல்லி உள்ளே போகிறது. அதைத் தடுக்கிற ரப்பர் வளையம் உங்கள் வீட்டு பீரோவில், வாரண்டி கவருக்குள் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். இல்லாதவர்களுக்கு நாங்கள் அனுப்புகிறோம்." கீழே என் நேரடி போன் நம்பரையும் போட்டேன், பாட்டு இல்லாத நம்பர்.

பட்டனை அமுக்கினேன். முதல் பதில், "அஞ்சு பேருக்கும் சேத்து உங்களுக்கு எத்தனை ஏக்கரு?" என்று வந்தது. "ஒரு தொட்டி. அதில் கறிவேப்பிலை" என்று எழுதினேன். அதற்கு நாற்பது பேர் சிரித்தார்கள். அப்புறம் ஒருவர் தன் பீரோவிலிருந்து எடுத்த கவரைப் படம் பிடித்துப் போட்டார். அடுத்தவர் டிரங்குப் பெட்டியிலிருந்து. ஒருவருடைய கவர் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு வாரம் முழுக்க ஃபோரத்தில் கவர் படங்கள்தான். கடைசியில் ஏரிக்கரை ஒரு வரி எழுதினார்: "ரப்பர் மாட்டியாச்சு. ரெண்டு மழையும் ஆச்சு. பல்லி வெளியதான் கீது."

நான் ஏஜென்சி வைத்து எழுதவைத்த எந்த வாக்கியமும் அந்த ஒரு வரி செய்த வேலையைச் செய்ததில்லை. என்னைக் கவிழ்த்த அதே பக்கம், அதே முதலிடத்தில் இருந்துகொண்டு, இப்போது ரப்பரை எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொண்டிருந்தது. பொதட்டூர்பேட்டைக் கடைக்காரர் மறுபடி போன் செய்து, "பல்லி பூராத பெட்டி குடுன்னு கேக்கறாங்க மேடம், இருபது அனுப்புங்க" என்றார்.

ஃபோரத்தில் கேள்விகள் வந்தபடியே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் மாடியிறங்கிப் போய்க் கஸ்தூரியிடம் கேட்டு, மாடியேறி வந்து எழுதுவேன். ஒரு நாள் அவளுக்கே பொறுக்கவில்லை. "எத்தினி தபா எறங்கி ஏறுவீங்க? முட்டி தேஞ்சுடும். குடுங்கக்கா, நானே எழுதறேன்" என்று போனை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் பெயரிலேயே, அவள் பேசுகிற மாதிரியே பதில் போயிற்று.

ஆர்டர் மெல்ல ஏறியது. ஆனால் லைனைப் பற்றி முதலாளி எதுவும் சொல்லவில்லை. ஆடி பிறந்துவிட்டது. கேட்கவும் பயம். அப்போது ஃபோரத்தில் யாரோ ஒருவர் கேட்டார்: "இந்தப் பெட்டி செய்ற லைனையே மூடப் போறாங்கன்னு காதுல உழுந்துது. இப்ப வாங்கினா, நாளைக்கு ஸ்பேருக்கு எங்க போறது?"

கஸ்தூரி போனை என்னிடம் நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "இதுக்கு யார் பதில் எழுதுவாங்க?"

"கஸ்தூரிதான் சார். என்ன எழுதறதுன்னு நீங்கதான் சொல்லணும்." கொஞ்சம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அங்க ஒரு தடவை எழுதிட்டா அப்புறம் மாத்திப் பேச முடியாது சார். எப்பவும் முதல்ல வந்து நிக்கும்" என்றேன்.

"தெரியும்" என்றார். எழுந்து என்னைத் தாண்டி நடந்து, படியிறங்கி லைனுக்கே போனார். பெண்கள் எல்லாரும் கைவேலையை நிறுத்தினார்கள். "மூடலைன்னு எழுதும்மா" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டார்.

கஸ்தூரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே எழுதினாள். இன்றைக்கு உங்கள் கம்ப்யூட்டரில் நம் பெட்டியின் பெயரைத் தட்டினால், வெப்சைட்டுக்கும் விளம்பரத்துக்கும் மேலே அதுதான் வரும். வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் அதைப் படியுங்கள்.

"நாங்க பதினோரு பேரு இங்கதான் கீறோம். பொட்டி வந்துகினே இருக்கும்."